சீசன் முடிந்த மலை: பெரம்பூரிலிருந்து ஒரு வரலாற்றுப் பார்வை

பெரம்பூர்வாசி ஒருவரிடம் 'சீசன்' என்று சொன்னால் அவருக்கு முதலில் நினைவுக்கு வருவது, மின்ரயிலில் மாதம் முழுவதும் சென்றுவர எடுக்கும் பயணச்சீட்டுத்தான். குற்றாலத்துக்காரருக்கு அச்சொல்லின் பொருள் ஆனி, ஆடி மாதங்களின் சாரலும் அருவியும். உதகைக்காரருக்கோ ஏப்ரலும் மே மாதமும். ஒரே சொல் மூன்று ஊர்களில் மூன்று பொருள் தருவது மொழிக்குப் புதிதன்று. ஆனால் குற்றாலத்தின் சீசனுக்கும் உதகையின் சீசனுக்கும் இடையே உள்ள வேறுபாடு சற்று ஆராயத்தக்கது.

குற்றாலத்தின் சீசன் குற்றாலத்திலேயே பிறக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று மலையைத் தொடுகிறது, அருவி விழுகிறது, மக்கள் கூடுகின்றனர். அருவியில் நீர் இல்லையேல் சீசனும் இல்லை. உதகையின் சீசனோ உதகையில் பிறப்பதில்லை. அது சென்னையில் பிறக்கிறது. சமவெளியின் வெயில் தாங்கமுடியாத அளவை எட்டும்போது மலைக்குச் சீசன் வந்துவிட்டதாகக் கொள்கிறோம். மலையில் அப்போது என்ன நிகழ்கிறது என்பது அதில் ஒரு பொருட்டே அன்று. அம்மாதங்கள் தவிர்த்த ஏனைய காலத்துக்கு 'ஆஃப் சீசன்' என்ற பெயரை அளித்து, ஏதோ மலை கடையை மூடிக்கொண்டு உறங்குவதுபோல் பேசுகிறோம்.

இந்த நாட்காட்டியை எழுதியவர் யார்? அதற்கு முன்பு மலைக்கென்று வேறொரு நாட்காட்டி இருந்ததா? ஆலைச்சங்கின் ஒலிக்கு எழுந்து, ஆலைச்சங்கின் ஒலிக்கு உண்டு வாழ்ந்த பெரம்பூர் போன்ற ஒரு தொழிற்பகுதியின் குடும்பங்கள் இந்த நாட்காட்டியில் எங்கே இடம்பெற்றன? இம்மூன்று வினாக்களுக்கும் விடைதேடும் சிறு முயற்சியே இக்கட்டுரை.

குறிஞ்சிக்கு உரிய பொழுது

தமிழ் இலக்கணம் நிலத்தைப் பொழுதிலிருந்து பிரித்துப் பார்ப்பதில்லை. நிலமும் பொழுதும் சேர்ந்ததே முதற்பொருள். ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்த தொல்காப்பியர் முல்லைக்குக் கார்காலத்தையும், பாலைக்கு வேனிலையும் பின்பனியையும் வைத்தார். மலைநிலமாகிய குறிஞ்சிக்கு அவர் வைத்த பெரும்பொழுதுகள் கூதிரும் முன்பனியும் ஆகும். சிறுபொழுது நள்ளிரவாகிய யாமம்.

கூதிர் என்பது ஐப்பசியும் கார்த்திகையும். முன்பனி என்பது மார்கழியும் தையும். இன்றைய நாட்காட்டியில் வைத்துப் பார்த்தால் ஏறத்தாழ அக்டோபர் நடுப்பகுதி முதல் பிப்ரவரி நடுப்பகுதி வரை. அதாவது இன்று நாம் ஆஃப் சீசன் என்று ஒதுக்கும் மாதங்களில் பெரும்பகுதியே தமிழ் மரபில் மலையின் பொழுது. நாம் மலைக்குத் திரண்டு செல்லும் சித்திரையும் வைகாசியும் இளவேனில். இலக்கணப்படி அது பாலைக்கு உரியது. முல்லையும் குறிஞ்சியும் வெயிலால் தம் இயல்பு கெட்டுத் திரிந்த நிலமே பாலை எனச் சிலப்பதிகாரம் கூறும் கருத்தையும் இங்கே சேர்த்து எண்ணிப்பார்க்கலாம். குடிநீர் வண்டியும் வாகன நெரிசலுமாகக் காட்சிதரும் மே மாதத்து உதகையைக் கண்டோர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

குறிஞ்சிக்குக் குளிர்காலத்தை வைத்ததற்கு அகத்திணைக் காரணம் உண்டு. இருளும் பனியும் வழியின் அருமையும் களவொழுக்கத்தின் ஆழத்தைக் காட்டத் துணைசெய்கின்றன. எனினும் வெறும் கற்பனையால் மட்டும் அப்பொழுது வகுக்கப்பட்டதாகக் கருதவியலாது. மலை தன் இயல்பை முழுதாகக் காட்டும் காலம் எது என்பதை அறிந்தவர்களே அதனை வகுத்திருக்க வேண்டும்.

இன்பத்துக்காக மலைக்குச் செல்லும் வழக்கம் வெள்ளையர் நமக்குக் கற்பித்தது எனச் சிலர் எழுதுவதுண்டு. பரிபாடலின் செவ்வேள் பாடல்களைப் படித்தோர் இதனை ஏற்கமாட்டார்கள். மதுரை மக்கள் திருப்பரங்குன்றத்துக்குக் கூட்டங்கூட்டமாகச் சென்றதையும், அங்கிருந்த ஓவிய மண்டபத்தில் வரையப்பட்டவற்றை ஒருவருக்கொருவர் சுட்டி வினவி மகிழ்ந்ததையும் அந்நூல் விரித்துரைக்கிறது. வழிபாடும் பொழுதுபோக்கும் அங்கே இரண்டல்ல. மலைபடுகடாமோ கூத்தர் கூட்டம் ஒன்று தன் சுற்றத்தோடு மலைவழியே செல்வதற்கு வழிகாட்டும் நூல். பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், யானையை விரட்டத் தினைக்காவலர் எறியும் கவண்கல் எங்கே வந்து விழும், கால் வழுக்கும் இடம் எது என்றெல்லாம் 583 அடிகளில் அது எச்சரித்துச் செல்கிறது. குடும்பத்தோடு மலையேறுவோர்க்குத் தமிழில் எழுந்த பழைய வழிகாட்டி என்றே அதனைச் சொல்லலாம்.

மலையின் நாட்காட்டி மாறிய கதை

நீலகிரியின் நாட்காட்டி மாறியது பத்தொன்பதாம் நூற்றாண்டில். கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819ஆம் ஆண்டு சனவரியில் நீலகிரிக்கு ஏறினார். கவனியுங்கள், அது தை மாதம், முன்பனிக்காலம். கோத்தகிரியை அடுத்த திம்பட்டியில் முதலில் வீடு கட்டிய அவர், பின்னர் உதகையில் கல்வீடு ஒன்றை எழுப்பினார். அக்கட்டடம் இன்று உதகை அரசு கலைக்கல்லூரியின் பகுதியாக உள்ளது. உதகை ஏரியும் 1820களில் அவர் முயற்சியால் உருவானதே. அங்கே காலங்காலமாக வாழ்ந்த தோடர், கோத்தர், குறும்பர், இருளர், படுகர் ஆகியோரின் நிலம் சிறிது சிறிதாகக் கைமாறத் தொடங்கியதும் அப்போதுதான்.

தொடக்கத்தில் நோயுற்ற படைவீரர் உடல்தேறும் இடமாகவே மலை கருதப்பட்டது. பின்னர் அது ஆட்சியின் இடமாயிற்று. 1870 முதல் சென்னை மாகாணத்தின் கோடைத் தலைநகராக உதகை விளங்கியது. ஏறத்தாழ ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஆளுநரும், அவர் அவையினரும், செயலாளர்களும், எழுத்தர்களும், கோப்புக் கட்டுகளும் மலைக்குப் பெயர்ந்தனர். மாகாணத்தின் கோடிக்கணக்கான மக்கள் வெயிலில் இருக்க, அவர்களை ஆளும் அலுவலகம் மட்டும் குளிரில் இயங்கியது. சென்னையின் பத்திரிகைகளும் பொதுமக்களும் இதனைக் கண்டித்தும் வழக்கம் நெடுங்காலம் நீடித்தது. ஆளுநர் வரும் காலமே 'சீசன்'. நடனமும், வேட்டையும், குதிரைப் பந்தயமும், 1896இல் தொடங்கிய மலர்க்கண்காட்சியும் அந்தக் காலத்தைச் சுற்றி அமைந்தன. அரசாங்கம் இறங்கிப்போனதும் சீசன் முடிந்தது.

ஆகவே சீசன் என்பது முதலில் தட்பவெப்பத்தின் பெயரன்று, ஓர் அலுவலக ஆணையின் பெயர். அரசாங்கமே மூட்டைகட்டிச் செல்லும் வழக்கம் இன்றில்லை. ஆளுநருக்கு உதகையில் மாளிகை இருப்பது ஒன்றே மிச்சம். ஆனால் அந்த ஆணை மட்டும் நம் மனத்தில் இன்னும் அமலில் இருக்கிறது.

வடசென்னைக்காரர்கள் நினைவில் கொள்ள வேண்டிய செய்தி ஒன்றுண்டு. 1876–78ஆம் ஆண்டுகளின் பெரும்பஞ்சத்தில் சென்னை மாகாணத்து மக்கள் இலட்சக்கணக்கில் மடிந்தனர். அப்போதைய ஆளுநர் பக்கிங்ஹாம் கோமகன். உதகையில் ஆளுநர் மாளிகை எழுந்தது அவருடைய ஆட்சிக்காலத்தில்தான். கீழே சென்னையில், பஞ்ச நிவாரணப் பணியாகப் பட்டினி கிடந்த மக்களைக் கொண்டு அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் கால்வாய்ப் பகுதி வெட்டப்பட்டது. பேசின் பிரிட்ஜ், தண்டையார்பேட்டை, எண்ணூர் எனச் செல்லும் முழுக்கால்வாய்க்கும் அவர் பெயரே சூட்டப்பட்டது. ஒருவருடைய ஆட்சியின் இரு நினைவுச்சின்னங்கள். ஒன்று மேட்டிலும் மற்றொன்று பள்ளத்திலும் இருக்கின்றன. நமக்குக் கிடைத்தது பள்ளத்தில் இருப்பது.

கீழே இருந்தவர்கள்

இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்குத் தென்னகத்தின் முதல் தொடர்வண்டி 1856ஆம் ஆண்டு சூலை 1 அன்று ஓடியது. அதே ஆண்டில் சென்னை ரயில்வே கம்பெனியின் பட்டறை பெரம்பூரில் தோன்றிற்று. பின்னர் 1870களிலும் 1880களிலும் பக்கிங்ஹாம் ஆலையும் கர்நாடிக் ஆலையும் எழுந்தன. பெரம்பூர், புளியந்தோப்பு, அயனாவரம், வியாசர்பாடி ஆகிய ஊர்கள் தொழிலாளர் குடியிருப்புகளாயின. விடியலைக் கோழி அறிவித்த ஊர்களில் சங்கு அறிவிக்கலாயிற்று.

அந்நாளில் தொழிலாளி கேட்டது மலைவாசம் அன்று, நண்பகல் உணவுக்குப் போதிய இடைவேளை. சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918ஆம் ஆண்டு ஏப்ரல் 27 அன்று தோன்றியதற்கான உடனடிக் குறைகளுள் அதுவும் ஒன்று. செல்வபதி செட்டியாரும் இராமானுஜுலு நாயுடுவும் முன்னின்று உழைக்க, பி. பி. வாடியா தலைவராகவும் திரு. வி. க. துணைத்தலைவருள் ஒருவராகவும் அமைந்த அச்சங்கத்தின் கூட்டங்கள் பெரம்பூரில் நடைபெற்றன. 1921இன் கோடையில் மூண்டு அக்டோபர் வரை நீண்ட ஆலைப்போராட்டம் துப்பாக்கிச் சூட்டையும், தொழிலாளரைச் சாதியால் பிளந்த கலவரத்தையும் கண்டது. அம்மாதங்களை உதகையின் நாட்காட்டியில் வைத்துப் பாருங்கள். சரியாகச் சீசன் தொடங்கி முடியும் காலம்!

அப்படியானால் பெரம்பூர்க் குடும்பங்கள் மலையையே அறியாதிருந்தனவா? அறிந்திருந்தன. ஆனால் அவர்களுடைய மலை வேறு. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி சுமந்து சென்ற திருத்தணிகை, புரட்டாசியில் நடந்தே சென்ற திருப்பதி, கார்த்திகையில் மாலையிட்டுச் சென்ற சபரிமலை. திருத்தணியில் ஆங்கிலப் புத்தாண்டுக்கு முந்திய இரவில் 365 படிகளுக்கும் நடைபெறும் படித்திருவிழாவை வள்ளிமலை சுவாமிகள் 1917இல் தொடங்கினார். அலுவலகங்களில் துரைமார்க்கு வாழ்த்துச்சொல்லச் செல்வதை விட்டு முருகனை வாழ்த்தச் செல்லுங்கள் என்பதே அதன் நோக்கம் எனச் சொல்லப்படுகிறது. கடுங்குளிர் மாதமாகிய மார்கழியில், நள்ளிரவாகிய யாமத்தில், குறிஞ்சிக் கடவுளின் மலையில் ஏறுகின்றனர்! தொல்காப்பியத்தைப் படித்திராத தொழிலாளி, தொல்காப்பியர் வகுத்த பொழுதில் மலைக்குச் சென்றிருக்கிறார்.

விடுப்பும் பாஸும்

வழிபாட்டுக்காக அல்லாமல் ஓய்வுக்காகவே குடும்பத்தோடு மலைக்குச் செல்வதற்கு இரண்டு பொருள்கள் வேண்டும். ஒன்று கூலி பிடிக்கப்படாத விடுப்பு. மற்றொன்று வண்டிச்செலவு. இவ்விரண்டும் வானத்திலிருந்து விழவில்லை.

இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைநகரங்களில் ஆண்டுக்கு ஒரு வாரம் ஊரே ஆலையை மூடிவிட்டுப் பிளாக்பூல் கடற்கரைக்குச் செல்லும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இருந்தது. ஆனால் அந்த வாரத்துக்குக் கூலி இல்லை. ஆண்டெல்லாம் சிறுகச் சேமித்துத்தான் சென்றனர். 1936இல் பிரான்சில் பெரும் வேலைநிறுத்தங்களுக்குப் பின்னர் எல்லாத் தொழிலாளர்க்கும் ஊதியத்துடன் இரண்டு வார விடுமுறை சட்டமாயிற்று. அதே ஆண்டில் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் ஊதிய விடுமுறைக்கென ஓர் உடன்படிக்கையை இயற்றியது. 1938இல் இங்கிலாந்தும் சட்டமியற்றியது. இந்தியாவில் 1945ஆம் ஆண்டுத் திருத்தம் ஆலைத்தொழிலாளிக்கு ஊதியத்துடன் கூடிய விடுமுறையை முதன்முதலில் தந்தது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் இருபது நாள் வேலைக்கு ஒரு நாள் விடுப்பு என்று அதனை விரிவாக்கிற்று. பெரம்பூரில் பிற்பகல் உணவுக்குச் சில நிமிடங்கள் கூடுதலாகக் கேட்டவர்கள் தொடங்கிய நெடுவழியில்தான் ஒரு குடும்பம் மலையில் நான்கு நாள் தங்குவதும் வருகிறது. இடைவேளையும் விடுமுறையும் ஒரே வேரில் கிளைத்தவை.

இரண்டாவது பொருளாகிய வண்டிச்செலவில் பெரம்பூர் பேறுபெற்றது. ரயில்வே ஊழியர்க்குக் குடும்பத்துடன் கட்டணமின்றிப் பயணம் செய்யும் 'பாஸ்' ஆண்டுதோறும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் உண்டு. அது தீர்ந்தால் மூன்றில் ஒரு பங்குக் கட்டணத்தில் செல்லும் சலுகையும் உண்டு. உதகையிலும் கொடைக்கானலிலும் ஊழியர்க்கான விடுமுறை இல்லங்களும் ஏற்பட்டன. கைக்கும் வாய்க்குமாக வாழ்ந்த குடும்பங்கள் காசியும் காஷ்மீரமும் கண்டது பெரம்பூரில் வியப்பன்று. அண்டைத் தெருவில் குடியிருந்த ஆலைத்தொழிலாளர் குடும்பம் செங்கல்பட்டைத் தாண்டாதிருக்க, ரயில்வேக் குடும்பம் சிம்லாவின் படத்தைச் சுவரில் மாட்டியிருக்கும். ஒரே ஊரில் ஓய்வும் இருவகையாகப் பங்கிடப்பட்டது என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

நீலகிரி மலைரயிலுக்கும் பெரம்பூருக்கும் உள்ள உறவோ பாஸைவிடப் பழையது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரையிலான பாதை 1899இல் திறக்கப்பட்டபோது அதனை இயக்கியது பெரம்பூர்ப் பட்டறையை நடத்திவந்த அதே சென்னை ரயில்வே கம்பெனி. 1908இல் பாதை உதகைவரை நீண்டது. இப்பாதையின் பழைய நீராவி எஞ்சின்கள் பல சுவிட்சர்லாந்தில் சூரிச் நகரை அடுத்த விண்டர்தூரில் செய்யப்பட்டவை. 1955ஆம் ஆண்டு அக்டோபர் 2 அன்று நேரு திறந்துவைத்த பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையும், அதாவது நம் ஐ.சி.எஃப்., அதே சூரிச்சை அடுத்த ஷ்லீரன் என்ற ஊரின் நிறுவனத்தோடு கூட்டுச்சேர்ந்து தொடங்கியதே. அண்மை ஆண்டுகளில் மலைரயிலுக்குப் புதிய பெட்டிகளைச் செய்ததும் ஐ.சி.எஃப். தான். பெரம்பூர்த் தொழிலாளி மலைரயிலில் ஏறும்போது அயலான் வண்டியில் ஏறவில்லை.

முன்பனியில் ஒரு பயணம்

என் தந்தையார் பெரம்பூர்ப் பட்டறை ஒன்றில் பொருத்துநராகப் பணியாற்றியவர். எங்கள் வீட்டில் மலைப்பயணம் என்றால் அது தை மாதத்தில்தான். மே மாதத்தில் மலையில் அறை கிடைப்பது அரிது. கிடைத்தாலும் வாடகை கட்டாது. பொங்கலுக்கு மறுவாரம் சென்றால் பாதி வாடகை, நாங்கள் வைத்ததே சட்டம். பள்ளியில் நான்கு நாள் விடுப்புக் கேட்பதற்கு அம்மா ஆண்டுதோறும் ஒரு காய்ச்சலை உண்டாக்கினார்.

சென்டிரலில் ஏறினால் சிறிது நேரத்தில் வண்டி எங்கள் பெரம்பூரையே கடந்துசெல்லும். தண்டவாளத்துக்கு அப்பால் பட்டறையின் விளக்குகள் தெரியும். விடியலில் மேட்டுப்பாளையம். கடல்மட்டத்திலிருந்து 326 மீட்டரில் உள்ள அவ்விடத்திலிருந்து 2,203 மீட்டரில் உள்ள உதகைக்கு 46 கிலோமீட்டர்ப் பாதை. கல்லாறு தாண்டியதும் ஏற்றம் தொடங்கும். பன்னிரண்டரை அடி முன்னே சென்றால் ஓர் அடி மேலே ஏறும் செங்குத்து. வழுவழுப்பான இரும்புச் சக்கரம் அத்தகைய ஏற்றத்தில் பிடிப்பின்றிச் சுழலும் என்பதால், இரு தண்டவாளங்களுக்கும் நடுவே பற்களுடைய இருப்புப்பட்டைகள் பதிக்கப்பட்டுள்ளன. எஞ்சினின் அடியிலுள்ள பற்சக்கரம் அவற்றைக் கவ்விக் கவ்வி ஏறும். எஞ்சின் முன்னே நின்று இழுப்பதில்லை, பின்னே நின்று தள்ளுகிறது. தந்தையார் இதனையெல்லாம் விளக்கிய விதத்தில் அவ்வண்டியை அவரே செய்து அனுப்பினார் என்று நான் நெடுநாள் நம்பியிருந்தேன். 16 குகைகளும் 250 பாலங்களும் 208 வளைவுகளும் கொண்ட இப்பாதையை யுனெஸ்கோ 2005இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

சீசன் இல்லாத மலையில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்போருண்டு. மலர்க்கண்காட்சி இல்லை, படகுத்துறையில் வரிசை இல்லை. ஆனால் பனி உண்டு. சனவரியின் தெளிந்த இரவுகளில், மேகப்போர்வை இல்லாமையால் நிலம் தன் வெப்பத்தை வானுக்கு விட்டுவிடுகிறது. குளிர்ந்த காற்று கனமுடையதாதலின் சரிவுகளில் நீர்போல் வழிந்து பள்ளங்களில் தேங்குகிறது. அதனால் உச்சியைவிடப் பள்ளத்துப் புல்வெளிகளே முதலில் வெண்மையாக உறைகின்றன. காலை வெயில் ஏறியதும் அந்த வெண்மை அரைமணியில் மறையும். அதனைக் காண்பதற்காகப் பாட்டி உட்பட ஐவரும் கம்பளி போர்த்திக்கொண்டு நிற்போம். பிறகு வர்க்கியும் தேநீரும். பிற்பகலில் கேரட் தோட்டங்களின் ஓரமாக நடை. வேறு வேலை இல்லை.

அந்நாட்களில் எனக்குப் பெருவியப்பாக இருந்தது தந்தையார் பகலில் உறங்கியதுதான். பெரம்பூரில் அவர் பகலில் உறங்கி நான் கண்டதில்லை. உதகையில் கம்பளிக்குள் படுத்து, மூன்று மணிக்கு எழுந்து, "சங்கு ஊதிடுச்சா?" என்று கேட்டார். ஊதவில்லை என்றோம். மீண்டும் படுத்துக்கொண்டார். ஓய்வு என்ற சொல்லுக்குப் பின்னாளில் அகராதிகளில் எத்தனையோ பொருள் படித்தேன். எனக்கு அச்சொல்லின் பொருள் இன்றும் அந்தப் பிற்பகல்தான்.

இறங்கும் வழியில் அருவங்காடு. 1900களின் தொடக்கத்திலிருந்து அங்கே வெடிமருந்துத் தொழிற்சாலை இயங்கிவருகிறது. பணி முடிந்து கையில் தூக்குப்பாத்திரத்துடன் ஆட்கள் நடந்துகொண்டிருந்தனர். "பாருடா, இங்கயும் நம்ம ஆளுங்கதான்" என்றார் தந்தையார். மலை விடுமுறைக்கென்று படைக்கப்பட்டதன்று, அதுவும் சிலருக்குப் பெரம்பூரே என்று அன்று ஒருவாறு விளங்கிற்று.

மலையிலிருப்போர் கணக்கு

தந்தையார் சொன்ன அந்த 'நம்ம ஆளுங்க' பலவகையினர். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கையின்படி இலங்கையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட மலையகத் தமிழருள் ஒரு பகுதியினர்க்கு வாழ்வளிக்கவே நீலகிரியில் அரசுத் தேயிலைத் திட்டம் 1968இல் தொடங்கி, 1976இல் தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. நாம் புகைப்படம் எடுத்துக்கொள்ளும் பசும் சரிவுகளில் கொழுந்து பறிப்பவர்க்குச் சீசனும் இல்லை, ஆஃப் சீசனும் இல்லை. குதிரைக்காரர், அறை துப்புரவு செய்வோர், வேர்க்கடலை விற்போர் ஆகியோர்க்கோ ஆஃப் சீசன் என்பது அடுப்பெரியாத காலம். இரண்டு மாத வருவாயில் பன்னிரண்டு மாதம் உண்ண வேண்டும். ஒரு நூற்றாண்டுக்கு முன் ஆளுநர் அலுவலகம் வகுத்த நாட்காட்டியின் சுமையை இன்று சுமப்பவர்கள் இவர்களே.

மலையின் சொந்த நாட்காட்டி எப்படி இருக்கிறது? படுகரின் எத்தையம்மன் திருவிழா மார்கழி–தை மாதங்களை ஒட்டி வருகிறது. தோடர்கள் முத்தநாடு மந்தில் கூடிக் கொண்டாடும் மொற்பர்த் பண்டிகையும் திசம்பர் இறுதி அல்லது சனவரித் தொடக்கத்தில்தான். கோத்தரின் தெய்வத்திருவிழாவும் அப்பனிக்காலத்ததே. மலைமக்களுக்கு அதுவே சீசன்! தொல்காப்பியர் கணக்கும் மலைமக்கள் கணக்கும் ஒன்றாக இருக்க, நம் கணக்கு மட்டும் வேறாக இருக்கிறது. கொடைக்கானல், மூணாறு மலைகளில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சியும் 2006இலும் 2018இலும் மே மாதத்துக்காகக் காத்திருக்கவில்லை. சீசன் கூட்டம் கலைந்தபின், ஆடிக்குப் பின்னரே பூத்தது.

ஆயினும் சீசன் இல்லாத காலம் முழுவதும் ஒன்றெனக் கருதி எவரும் பெட்டிகட்டிவிடலாகாது. தென்மேற்குப் பருவமழையின்போது, 2019ஆம் ஆண்டு ஆகஸ்டில், அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. 2009 நவம்பரில், அதாவது கூதிரில், நிகழ்ந்த மண்சரிவுகளில் நீலகிரியில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வடகிழக்குப் பருவமழையில் கல்லாறு–குன்னூர் இடையே மண் சரிந்து மலைரயில் நிறுத்தப்படுவது அடிக்கடி நிகழ்வது. மலைபடுகடாம் பாடிய புலவர் இன்றிருந்தால் இவற்றையும் தம் எச்சரிக்கைப் பட்டியலில் சேர்த்திருப்பார். குழந்தைகளோடும் முதியோரோடும் செல்வோர்க்கு உகந்தது முன்பனியே. அதிலும் ஆங்கிலப் புத்தாண்டின் ஆரவாரமும் பொங்கல் விடுமுறையும் கழிந்த தையின் பிற்பகுதி.

மலையின் தாங்கும் திறனுக்கு மீறிக் கூட்டம் செல்வதைக் கண்ட சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி, உதகைக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வாகனங்களுக்கு 2024ஆம் ஆண்டு மே 7 முதல் இ-பாஸ் நடைமுறைக்கு வந்தது. 2025ஆம் ஆண்டின் கோடைக்கு, நீலகிரியில் வாரநாட்களில் 6,000 வாகனங்கள், வாரஇறுதியில் 8,000 என்று வரம்பும் விதிக்கப்பட்டது. பெரம்பூரில் பாஸ் என்றால் செல்வதற்கான உரிமை. மலையடிவாரத்தில் அச்சொல் செல்வதற்கான அளவாக மாறிவிட்டது. வாகனத்தை எண்ணுவது தேவையே. ஆனால் எத்தனை பேர் செல்கின்றனர் என்பதோடு எப்போது செல்கின்றனர் என்பதையும் எண்ணினாலன்றி நோய் தீராது. பள்ளி விடுமுறையை அட்டவணையிடுவோரும், ஆலைகளில் விடுப்பு வழங்குவோரும் மனம்வைத்தால், இரண்டு மாதத்தில் திணியும் கூட்டம் ஆண்டு முழுவதும் பரவும். குதிரைக்காரர் வீட்டு அடுப்பும் ஆண்டு முழுவதும் எரியும்.

சீசனில் செல்வோர் வெயிலிலிருந்து தப்பிச் செல்கின்றனர். அவர்களுக்கு மலை ஒரு நிழல் மட்டுமே. முன்பனியில் செல்பவர்க்குத் தப்புவதற்கு ஒன்றுமில்லை. சென்னையும் அப்போது இனிமையாகத்தானே இருக்கிறது! அவர் மலையைக் காண்பதற்காகவே செல்கிறார், உடனிருப்போரின் முகத்தைக் காண்பதற்காகவும் செல்கிறார். ஆளுநர்கள் இறங்கிச்சென்றபின் எஞ்சிய மலையைத்தான் பெரம்பூர்க் குடும்பங்கள் பெற்றன என்று ஒருகாலத்தில் குறையாகச் சொல்லியிருக்கலாம். இலக்கணத்தைப் புரட்டிப் பார்த்தால் அவர்களுக்குக் கிடைத்ததே உண்மையான குறிஞ்சி.

வடசென்னையின் பட்டறைகளிலும் ஆலைகளிலும் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவர்கள் உங்கள் வீடுகளில் இருப்பார்களாயின், அவர்கள் முதன்முதலில் ஓய்வுக்காக வெளியூர் சென்றது எந்த ஆண்டு, எந்த ஊருக்கு, எத்தனை நாள் என்று கேட்டு எழுதிவையுங்கள். வேலைநிறுத்தங்களின் வரலாறு ஓரளவு எழுதப்பட்டுவிட்டது. அவ்வேலைநிறுத்தங்கள் ஈட்டித்தந்த விடுமுறைகளின் வரலாறு இன்னும் எழுதப்படவில்லை.